கடன் கொப்பியும் பகைவர் அன்பும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் மறைக்கல்வி வகுப்பைச் சில வருடங்களாக நான் எடுத்து வருகிறேன். பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள். "உங்கள் பகைவரிடமும் அன்பு கூருங்கள்" என்று இயேசு சொல்லும் மலைப்பொழிவுப் பாடம் வரும் ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு பிள்ளை கையைத் தூக்கும். "ரீச்சர், அப்ப எங்கட மாமாவைப் பிடிச்சுக்கொண்டு போன ஆக்களிலயும் நாங்கள் அன்பு வைக்க வேணுமோ?"

முதல் வருடம் சுற்றிவளைத்து ஏதோ சொன்னேன். அந்தப் பிள்ளை தலையை ஆட்டிவிட்டு இருந்துவிட்டது. அதற்கு விளங்கவில்லை என்பது எனக்கு நன்றாக விளங்கியது. அதன் பிறகுதான் இதை அடியிலிருந்து நானே படிக்கத் தொடங்கினேன். மன்னிப்பு, பகைவர் அன்பு என்ற இரண்டையும் புதிதாகக் கேட்பவருக்கு, கிறிஸ்தவர் அல்லாதவருக்கும்கூட, பிடிபடும்படி இங்கே எழுதப் பார்க்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம். கத்தோலிக்கரான நாங்கள் கர்த்தர் கற்பித்த செபத்தில் "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல, எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று சொல்லிப் பழகியவர்கள். எங்கள் ஒழுங்கையில் இருந்த தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தின் வேதாகமத்தில் அதே வரி வேறு மாதிரி இருந்தது. "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." சின்ன வயதில் அதைக் கேட்டபோது ஏதோ பிழை நடந்துவிட்டது என்றே நினைத்தேன். செபத்துக்குள் கடைக்கணக்கு ஏன் வருகிறது?

பிழையில்லை. மத்தேயு நற்செய்தியின் கிரேக்கத்தில் இருப்பது கடன் என்ற சொல்தான். மன்னிப்பதற்கு அங்கே வரும் வினை 'அஃபியேமி'. கையிலிருந்து விடுவது, போகவிடுவது என்று பொருள். சீடர்கள் வலைகளை விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போனார்கள் என்று சொல்லும் இடத்திலும் இதே வினைதான் வருகிறது. கடல் தொழில் செய்யும் குருநகர், பாசையூர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். வலை என்றால் அது எவ்வளவு பெறுமதியான பொருள், அதைக் கையிலிருந்து விடுவது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

எனக்கு இது விளங்கியது வலையால் அல்ல, ஒரு சீ.ஆர். கொப்பியால், கடைக்கணக்கு எழுதும் தடித்த கொப்பியால்.

எங்கள் அப்பப்பா ஒழுங்கை முகப்பில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். சீனி, தேயிலை, மண்ணெண்ணெய், சவர்க்காரம். யுத்த காலத்தில் முக்கால்வாசிப் பேர் கடனுக்குத்தான் வாங்கினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று கடன் கொப்பி நிறைந்திருந்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி முன்னேறி வர, வலிகாமம் முழுதும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிப் பக்கம் போனபோது, காணி உறுதியும் ஞானஸ்நானத் துண்டுகளும் அந்தக் கொப்பியும் ஒரே பையில் வந்தன. அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தால் கடையில் தராசு கூட இல்லை. கடன்காரரில் பாதிப் பேர் வன்னிக்குப் போய்விட்டார்கள், சிலர் வெளிநாடு, சிலர் உயிரோடு இல்லை.

ஒரு நாள் இரவு அப்பப்பா சிமினி விளக்கடியில் கொப்பியை விரித்துக்கொண்டு இருந்தார். ஒரு பக்கத்தைத் திறப்பார். பெயரை வாசிப்பார், தொகையை வாய்விட்டு வாசிப்பார், பிறகு அடிமட்டத்தை வைத்து மூலைக்கு மூலை ஒரு கோடு கிழிப்பார். அடுத்த பக்கம். அப்பம்மாவுக்கு அலுத்துவிட்டது. "எப்பிடியும் வராத காசு. கொப்பியை அடுப்புக்குள்ள வைச்சுவிட்டுப் படுங்கோவன்" என்றா. அதற்கு அப்பப்பா சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே காதில் நிற்கிறது. "கணக்குத் தெரியாமல் விட்டால் அது விட்டதில்லை, துலைச்சது."

மன்னிப்பைப் பற்றி நான் பிள்ளைகளுக்குச் சொல்வதெல்லாம் அந்த ஒரு வசனத்தின் விரிவுதான். மன்னிக்கிறவர் "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வதில்லை. நடந்ததை, எவ்வளவு நடந்தது என்று முழுதாக வாசித்துவிட்டு, அதைத் திருப்பி வாங்கும் உரிமையைத் தன் கையிலிருந்து விடுகிறார். ஆகவே மன்னிப்புக்கு முதல் தேவை மறதி இல்லை. ஞாபகம்.

இயேசு சொன்ன ஒரு உவமையும் கடன் கொப்பிதான் (மத்தேயு 18). பேதுரு வந்து, எனக்குத் தீமை செய்தவரை எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரம் போதுமா என்று கேட்கிறார். எழுபது தடவை ஏழு முறை என்கிறார் இயேசு. பிறகு கதை. அரசனிடம் ஒரு பணியாளன் பத்தாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். அரசன் மனமிரங்கி முழுவதையும் விட்டுவிடுகிறான். வெளியே வந்த அதே பணியாளன், தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்ட இன்னொருவனின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான்.

இதை வகுப்பில் கணக்காகவே செய்விப்பேன். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். அப்படியென்றால் பத்தாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் இரண்டு லட்சம் வருடம் உழைக்க வேண்டும். பிள்ளைகள் இதில் வாயைப் பிளப்பார்கள். ஆனால் நான் அவர்களை நிற்பாட்டிவைப்பது அடுத்த தொகையில். நூறு தெனாரியம் என்பது நூறு நாள் கூலி, மூன்று மாதத்துக்கும் மேற்பட்ட உழைப்பு. அது சில்லறைக் காசு இல்லை. ஒரு மேசனோ கடல் தொழிலாளியோ மூன்று மாதச் சம்பளத்தை இழந்தால் அந்த வீடு என்ன பாடுபடும்? பிரசங்கங்களில் இந்த நூறை "அற்பத் தொகை" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. எங்களுக்கு நடந்தது அற்பம் என்று இயேசு எந்த இடத்திலும் சொல்லவில்லை. அது நிசமான கடன், வலிக்கிற கடன். அதை வைத்துக்கொண்டுதான் மற்றத் தொகையைப் பார்க்கச் சொல்கிறார்.

சரி, மன்னிப்பு இவ்வளவு. பகைவரை அன்பு செய்வது இதிலிருந்து ஒரு படி மேலே.

தமிழில் அன்பு என்றதும் நெஞ்சு இளகுவதைத்தான் நினைக்கிறோம். அதனால்தான் பிள்ளையின் கேள்வி அவ்வளவு பாரமாக இருக்கிறது. மாமாவைக் கொண்டுபோனவரைப் பார்த்து எப்படி நெஞ்சு இளகும்? இளகாது. நற்செய்தியில் இந்த இடத்தில் வரும் சொல் 'அகாப்பே' வகையைச் சேர்ந்தது. இந்த இடத்தில் அது நெஞ்சின் பாசத்தைவிட, மற்றவரின் நன்மையை வேண்டுமென்றே நாடுவதையே குறிக்கிறது. லூக்கா 6 இல் அடுத்தடுத்து வரும் வினைகளைப் பாருங்கள். அன்பு கூருங்கள், நன்மை செய்யுங்கள், ஆசி கூறுங்கள், செபியுங்கள். ஒன்றுகூட "பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. எல்லாம் கையாலும் வாயாலும் செய்கிற வேலைகள். மனம் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.

இது இயேசு திடீரென்று கொண்டுவந்த புதினமும் இல்லை. அவருக்கு முதலே யூதருடைய சட்டத்தில், விடுதலைப் பயணம் 23 இல், ஒரு அருமையான கட்டளை உண்டு. உன் பகைவனின் மாடோ கழுதையோ வழிதவறிப் போவதைக் கண்டால் அதைத் திரும்ப அவனிடம் கொண்டுபோய் விடு. உன்னை வெறுக்கிறவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தூக்கிவிட உதவி செய். வேலியை உடைத்துக்கொண்டு வந்த பக்கத்து வளவு ஆட்டை என்ன செய்வது என்பதில் குடும்பங்கள் வருடக்கணக்காகக் கதை பேச்சில்லாமல் போன ஊர் எங்களுடையது. இந்தக் கட்டளையின் கூர்மை எங்களுக்குத் தெரியும். அவனைக் கட்டிப்பிடிக்கச் சொல்லவில்லை. ஆட்டைப் பிடித்துப் படலையடியில் கட்டிவிட்டு வரச் சொல்கிறது.

ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இயேசு தரும் காரணமும் எங்கள் மண்ணுக்கு நல்லாய்ப் பொருந்துகிறது. கடவுள் நல்லோர் மேலும் தீயோர் மேலும் தம் கதிரவனை உதிக்கச் செய்கிறார், நேர்மையுள்ளோர் மேலும் நேர்மையற்றோர் மேலும் மழை பெய்யச் செய்கிறார் என்கிறார். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்வது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அதுதான் எங்கள் கிணறுகளில் ஊறுகிறது. மேலே வேலிக்குப் பூவரசம் கதிகாலும் கிடுகும் மதிலும் போட்டு என் வளவு, உன் வளவு என்று பிரித்து வைத்திருக்கிறோம். அடியில் தண்ணீர் அதை அறியாது. கோபித்துக்கொண்ட இரண்டு வீடும் ஒரே தண்ணீரைத்தான் அள்ளுகிறது. கடவுளின் அன்பு அப்படிப்பட்டது, பிள்ளைகள் தகப்பனைப் போல இருக்க வேண்டும் என்பதே அந்தப் பகுதியின் வாதம்.

இவையெல்லாம் ஊர்ப் பகைக்குச் சரி, ஆமிக்கும் ஆயுத இயக்கத்துக்கும் யுத்தத்துக்கும் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். மலைப்பொழிவை அமைதியான நாடொன்றில் சொன்னதாக நினைத்தால் அந்தக் கேள்வி வரும். அன்றைக்குப் பாலஸ்தீனம் ரோமரின் பிடியில் இருந்தது. "ஒருவர் உங்களை ஒரு கல் தொலை வரக் கட்டாயப்படுத்தினால் அவரோடு இரண்டு கல் தொலை செல்லுங்கள்" என்ற வரிக்குப் பின்னால் ஒரு படைவீரன் நிற்கிறான். வழியால் போகிறவனை மறித்துச் சுமை தூக்கவைக்கும் அதிகாரம் அந்தப் படைக்கு இருந்தது. இயேசுவின் சிலுவையைச் சுமக்கும்படி சிரேன் ஊர்ச் சீமோனைப் பிடித்த இடத்திலும் மத்தேயு பாவிப்பது அதே 'கட்டாயப்படுத்து' என்ற வினைதான். 1996 க்குப் பிறகு சென்றியடியில், ஆமிக் காவலரணுக்கு முன்னால், சைக்கிளிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி, ஐசி என்ற அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உருட்டிப் போனவர்களுக்கு இந்த வரி எங்கேயிருந்து வருகிறது என்று உடனே தெரியும். முதல் கல் அவனுடைய உத்தரவு. இரண்டாவது கல்லை நடக்கிறவர் தானாகத் தீர்மானிக்கிறார். கீழே வைத்து நடத்தப்பட்டவர், தான் இன்னும் தீர்மானிக்கக்கூடிய மனுசர் என்று அந்த இரண்டாவது கல்லில் காட்டுகிறார். நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் அன்றைக்குச் சென்றியடியில் நின்ற எங்கள் தகப்பன்மாருக்கு, "நீங்கள் இரண்டாவது கல்லையும் நடந்திருக்க வேண்டும்" என்று வெளியே இருந்து சொல்லும் உரிமை ஒருவருக்கும் இல்லை. இது தானாக எடுக்கிற முடிவு, சுமத்துகிற கட்டளையானால் மறுபடியும் முதல் கல்தான்.

இன்னொன்று. பன்னிரண்டு சீடரின் பெயர்ப்பட்டியலை நாங்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்துவிட்டுப் போய்விடுகிறோம். அதில் ஒருவர் மத்தேயு, ஆட்சியாளருக்கு வரி பிரித்தவர். இன்னொருவர் சீமோன், எங்கள் தமிழ் விவிலியம் அவரைத் "தீவிரவாதியாய் இருந்த சீமோன்" என்றே எழுதுகிறது. இரண்டு பேரும் மூன்று வருடம் ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த இரண்டு வகை ஆட்களையும் ஒரு திண்ணையில் இருத்திப் பாருங்கள். பகைவர் அன்பு என்பதைப் பற்றி எழுதப்பட்டதைவிட இந்தச் சாப்பாட்டு மேசை எனக்குக் கூடச் சொல்கிறது.

இனி, இது எதுவல்ல என்பதற்கு வருகிறேன். இங்கேதான் கூடுதலான ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள்.

மன்னித்தால் நீதி கேட்கக்கூடாது என்று சொல்லும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது பிழை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260 க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த வருட உயிர்ப்புத் திருநாளில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, தாக்கியவர்களை நாங்கள் மன்னித்தோம் என்றார். அதே ஆண்டகைதான் அதன் பிறகும் விடாமல், இதன் பின்னால் நின்றவர் யார், தெரிந்தும் தடுக்காதவர் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். பாதிக்கப்பட்டவர்களும் குருமாரும் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குகளில், 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இதில் முரண் எதுவும் இல்லை. பழிவாங்குவதை என் கையிலிருந்து விடுகிறேன். உண்மையை விடவில்லை. உண்மை இன்னொரு பிள்ளையைக் காப்பாற்றக்கூடியது, அதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமையில்லை.

எங்கள் மறைமாவட்டத்திலேயே அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகள் 2006 ஓகஸ்ட் 20 க்குப் பிறகு காணாமல் போனார். அவருக்குத் தீங்கு செய்தவர் மனம் திரும்ப வேண்டும் என்று செபிக்கிற வாயாலேயே, சுவாமி எங்கே என்றும் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும்.

கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் வீதியோரம் இருந்து பதில் கேட்கத் தொடங்கினார்கள். மகனின் படத்தை மடியில் வைத்திருக்கிற ஒரு தாயிடம் போய் "மன்னியுங்கோ அம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வராது, வரவும் கூடாது. அப்பப்பாவின் கணக்கில் சொன்னால், அந்தத் தாய்க்கு இன்னும் தொகையே வாசித்துக் காட்டப்படவில்லை. மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாதபோது எந்தப் பக்கத்தில் கோடு கிழிப்பது? தேடித் தேடியே கண்ணை மூடிவிட்ட பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்பைக் கேட்பதற்கு முதல் உண்மையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது மற்றவர்களின் கடன்.

சிலுவையில் இயேசு சொன்னதைக் கவனியுங்கள். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே." "நான் உங்களை மன்னிக்கிறேன்" என்று கீழே நிற்பவரைப் பார்த்துச் சொல்லவில்லை, தகப்பனிடம் ஒப்படைக்கிறார். என்னால் முடியாது, நீர் பாரும் என்று சொல்லிக் கொப்பியை மூடாமல் அப்படியே கொடுத்துவிடுவதும் மன்னிப்பின் ஒரு வகை என்று நான் நம்புகிறேன். இன்னும் முடியாமல் இருப்பவருக்கு அந்தச் செபம் போதும்.

வீட்டுக்குள் அடிக்கிற புருசனிடம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது பகைவர் அன்பு ஆகாது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை. மன்னிப்பது ஒருவராகச் செய்யலாம். ஒப்புரவு, அதாவது பழையபடி சேர்வது, இரண்டு பேர் செய்ய வேண்டியது. அடித்தவர் உண்மையாக மாறாதவரை அந்த இரண்டாவது நடக்காது, நடக்கவும் தேவையில்லை. பொறுத்துப் போ பிள்ளை என்று எங்கள் பெரியவர்கள் பெண்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய கதைகளை நான் நிறையக் கேட்டுவிட்டேன்.

இதுவரை எங்களுக்குக் கடன்பட்டவரைப் பற்றியே பேசினேன். செபத்தின் வரியில் இரண்டு பக்கம் இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30 ஐ வலிகாமத்தில் யாரும் மறக்கவில்லை. அதற்குச் சரியாக ஐந்து வருடம் முந்தி, 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அவர்கள் வாழ்ந்த சோனகத் தெரு ஒரே பகலில் வெறுமையானது. அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலும் இருந்து 70,000 க்கும் மேற்பட்டவர்கள் பெரும்பாலான காசையும் நகையையும் கொண்டுபோக விடாமல் துரத்தப்பட்டார்கள். நான் அப்போது சின்னப் பிள்ளை. பெரியவர்கள் பயத்தில் பேசாமல் இருந்தார்கள், அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருடம் கழித்து அதே தேதியில் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் நெரிபட்டபோது, எத்தனை பேருக்கு அவர்களின் ஞாபகம் வந்தது? எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மத்தேயு 5 இல், காணிக்கையைப் பீடத்தில் செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பதாக நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று இருக்கிறது. உனக்கு அவன்மேல் என்று இல்லை, அவனுக்கு உன்மேல். அங்கே கடன்காரன் கோயிலுக்கு வந்தவன்தான். நவாலி புனித பேதுரு ஆலயத்தில் 1995 ஜூலை 9 அன்று விமானக் குண்டுவீச்சில், அடைக்கலம் தேடி வந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்ட சனங்கள் இறந்ததை வருடாவருடம் நினைவுகூருகிறோம். அந்தப் பூசையில் எங்கள் நெஞ்சு வெடிக்கிறது, நியாயம். அதே நெஞ்சில் சோனகத் தெருவுக்கும் இடம் வைத்தால்தான் "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்ற வார்த்தையை நேராக நின்று சொல்லலாம். கோயிலுக்குள்ளேயே சாதி பார்த்து வாங்கு பிரித்து இருத்திய காலத்தையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் யாரோ எங்களைப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அப்ப எப்படித் தொடங்குவது என்று கேட்டால், பெரிய பகையில் தொடங்க வேண்டாம் என்பேன். நீந்தப் பழகுகிறவர் கடலில் இறங்குவதில்லை. பக்கத்து வளவில் தொடங்குங்கள். நடந்ததைப் பூசி மெழுகாமல் உங்களுக்குள்ளாவது சொல்லுங்கள், இன்னார் எனக்கு இதைச் செய்தார், அதனால் எனக்கு இது போனது என்று. பிறகு அவருடைய பெயரைச் சொல்லி ஒரு சின்னச் செபம். உணர்ச்சி வரும்வரை காத்திருந்தால் வருடம் போய்விடும். எழுபது தடவை ஏழு என்ற கணக்கையும் இங்கே வேறு விதமாகப் பார்க்கலாம். ஒருவர் எழுபது பிழை விட்டதற்கு எழுபது மன்னிப்பு என்று இல்லை. ஒரே பிழையை நீங்கள் மன்னித்த பிறகும், ஒரு பாட்டுக் கேட்டால், ஒரு மணம் வந்தால், அது திரும்ப எழும்பி வரும். வரும் ஒவ்வொரு முறையும் திரும்பக் கோடு கிழிக்க வேண்டியிருக்கும். திரும்ப எழும்பியதால் முதல் மன்னித்தது பொய் என்று ஆகாது.

அப்பப்பாவின் கொப்பியிலும் ஒரு பக்கம் கோடில்லாமல் இருந்தது. கடனோடு நிற்காமல் வேறு ஏதோ அநியாயமும் செய்த ஒருவர். அந்தப் பக்கத்தை அன்றிரவு திறந்தார், தொகையை வாசித்தார், அடிமட்டத்தை எடுக்கவில்லை. 2002 இல் வன்னி வழியாக யாழ்ப்பாணம் வரும் ஏ9 பாதை திறந்த பிறகு அந்த மனிதர் வன்னியிலிருந்து வந்து, பழையதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல் கைக்காசுக்கு ஒரு கட்டுப் பீடி வாங்கிக்கொண்டு போனார். கோடு அன்றைக்குப் பின்னேரம்தான் விழுந்தது. ஆறு வருடம். அந்த ஆறு வருடமும் அப்பப்பா பூசைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார், கடவுள் அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

அம்மாவின் கதையையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் பெரிய மாமாவுக்கும் சீதனக் காணியின் எல்லையில் பிரச்சினை. மாமா கதிகாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நட்டுவிட்டார் என்று அம்மா சொல்லுவா. வழக்குப் போட்டு, பதினொரு வருடமாகக் கதை பேச்சில்லை. இரண்டு பேரும் ஒரே கோயில், ஒரே பூசை. சமாதானம் சொல்லும் நேரத்தில் கை கூப்பி எல்லாப் பக்கமும் திரும்பும் அம்மா அந்த ஒரு பக்கம் மட்டும் திரும்ப மாட்டா. பிறகு ஒரு தவக்காலத்தில், ஒவ்வொரு நாளும் இரவுச் செபமாலை முடிய மாமாவின் பெயரைச் சொல்லி ஒரு அருள்நிறைந்த மரியே கூடுதலாகச் சொல்லத் தொடங்கினா. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னா, பக்கத்தில் இருந்த எங்களுக்கே கேட்கும்.

போன மாரியில் மாமாவுக்கு டெங்குக் காய்ச்சல். மாமி மகளிடம் கொழும்புக்குப் போயிருந்தா. அம்மா இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் திரிந்தா. மூன்றாம் நாள் விடியப்புறம் கஞ்சி காய்ச்சித் தூக்குச்சட்டிக்குள் விட்டு, என் தம்பியைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தா.

"மாமாட்டக் குடுத்திட்டு வா. அம்மா தந்தது எண்டு சொல்லு."

"வழக்கு என்ன மாதிரி அம்மா?" என்று தம்பி கேட்டான்.

"அது மாசி பதினெட்டாம் தேதிக்குத் தவணை. நான் போவன். நீ கஞ்சி ஆறமுந்திக் கொண்டு போ."

பின்னேரம் தூக்குச்சட்டி திரும்பி வந்தது. கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, ஒரு சொல்லும் வரவில்லை. அம்மா அதை வாங்கி அடுப்படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்கு என்று அரிசியை அளந்து ஊறப்போட்டா.